உவர் வயலில் யூரியா எறிவதற்கு முன்

2016 காலபோகத்தில், மாரி நெல் விதைப்பில், மழை ஏமாற்றிவிட்டது. மார்கழி பிறக்கும்போது எங்கள் கீழ்த்துண்டில் பயிர் பழுத்த எலுமிச்சை நிறத்தில் நின்றது. மஞ்சள் என்றால் யூரியா. ஐயா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அதுதான் வைத்தியம். ஒரு மூடையை அவிழ்த்து, ஒன்றரை ஏக்கருக்கும் உச்சிவெயிலில் எறிந்துவிட்டு வரம்பேறினேன். இரண்டு நாள் கழித்துப் போனால் மூக்கைப் பிடிக்கும் நெடி. ஒரு கிழமையில் இலை நுனிகள் வெளுத்துச் சுருண்டன. மஞ்சள் மட்டும் போகவில்லை. ஐம்பது கிலோ யூரியா என்பது 23 கிலோ நைதரசன். அதில் எவ்வளவு பயிருக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரியும்.

எங்கள் காணி கண்டாவளைப் பக்கம், நாலு ஏக்கர். மேலே இரண்டரை ஏக்கர் களியும் மணலும் கலந்த நல்ல இருவாட்டி மண். கீழே ஒன்றரை ஏக்கர் கடல்நீரேரிப் பக்கம் சரிந்து கிடக்கிறது. வாய்க்காலின் கடைசித் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் வானம்தான். சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் அந்தக் கீழ்த்துண்டில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். ஆனையிறவில் உப்பு விளைவது ஏன் என்று அங்கே நின்றாலே தெரியும். அதே வெயில், அதே காற்று.

பூநகரி, தட்டுவன்கொட்டி என்று நீரேரி ஓரத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்த ஆள் இல்லை. தமையனின் மகன் அறிவியல் நகரில் விவசாயம் படித்தவன். அவன் சொன்னதையும் வயலில் நான் பட்டதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எந்த மஞ்சள் என்று முதலில் பாருங்கள்

நைதரசன் போதாமல் வரும் மஞ்சள் அடி இலையில் தொடங்கும். பயிர் பழைய இலையிலிருந்து சத்தை இழுத்துப் புது இலைக்குக் கொடுப்பதால் கிழட்டு இலை முதலில் வெளிறும். வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

உவரால், அதாவது மண்ணில் ஏறிய உப்பால், வரும் மஞ்சள் திட்டுத் திட்டாக வரும். பள்ளத்திலும் நீரேரிப் பக்கத்து வரம்போரத்திலும் தண்ணீர் வற்றும் மேட்டுத் திட்டிலும் கூட. இலை நுனி வெளுத்துக் காய்ந்து, காலையிலேயே சுருண்டிருக்கும். கிளை கட்டாது. பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாக இருக்கும்.

இலையில் துரு தூவினாற்போல் கபில நிறப் புள்ளிகள் இருந்தால் அது நாகக் (துத்தநாகக்) குறைபாடாக இருக்கலாம். விதைத்து இரண்டு முதல் நாலு கிழமைக்குள் வரும். அதற்கு யூரியாவும் மருந்தில்லை, மண்ணின் உப்பைத் தண்ணீரால் கழுவுவதும் மருந்தில்லை.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. சில நேரம் உவர்பட்ட பயிர் மஞ்சளாகவே வராது. வளர்ச்சி நின்று, இலை சிறுத்து, அந்தச் சின்ன இலைக்குள் பச்சை திரண்டு, கரும்பச்சையாக நிற்கும். இலைநிற அட்டையை வைத்துப் பார்த்தால் "நைதரசன் போதும்" என்று சொல்லும். அட்டை பொய் சொல்லவில்லை, அது நிறத்தை மட்டும்தான் பார்க்கும். அதனால் கீழ்த்துண்டில் நிறத்தோடு கிளையையும் எண்ணுகிறேன். மேல்துண்டில் ஒரு பயிருக்கு எத்தனை கிளை, கீழே எத்தனை என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அளந்து பாருங்கள், நாக்கு போதாது

ஐயா மண்ணைக் கிள்ளி நாக்கில் வைப்பார். "கரிக்குது" என்றால் அந்த வருசம் அங்கே விதைக்கமாட்டார். நாக்கு உண்டு, இல்லை என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

தமையனின் மகன், என் மருமகன், ஒரு மின்கடத்துதிறன் அளவி கொண்டுவந்தான், பேனா அளவுதான் இருக்கும். தண்ணீரில் உப்பு கூடக்கூட அதில் இலக்கம் கூடும். காய்ந்த மண் ஒரு பங்கு, மழைத் தண்ணீர் ஐந்து பங்கு, இரண்டையும் நிறுத்துப் போத்தலில் போட்டு நன்றாகக் குலுக்கி, அடையவிட்டு, மேல் தண்ணீரில் அளவியை வைக்கவேண்டும். கிணற்றுத் தண்ணீர் எடுக்காதீர்கள், எங்கள் பக்கக் கிணறுகளே பாதி உவர். வரும் இலக்கத்தைக் கனத்த களியென்றால் ஆறாலும், இருவாட்டியென்றால் ஒன்பது, பத்தாலும், மணலென்றால் அதைவிடக் கூடவும் பெருக்கினால் மண்ணின் உண்மையான உவர் ஓரளவுக்குத் தெரியும். இலக்கத்தின் அலகு மீற்றருக்கு டெசிசீமன்.

மண் எடுக்கும்போது ஒரு கவனம். பசளைப் பரிசோதனைக்கு நாலு இடத்து மண்ணை ஒன்றாகக் கலப்போம். உவருக்குக் கலக்கக்கூடாது. கலந்தால் நல்ல மண் கெட்ட மண்ணை மறைத்துவிடும். இடத்துக்கு ஒரு பை, பையில் ஒரு துண்டுக் கடதாசி. அரை அடி ஆழம் போதும்.

நெல்லுக்கு எல்லை 3. அதற்கு மேல் ஒவ்வொரு இலக்கத்துக்கும் விளைச்சல் ஏறக்குறைய 12 வீதம் விழும் என்பது உலகம் முழுக்கப் பாவிக்கும் கணக்கு. 6 வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சோளம் (மக்காச்சோளம்) இன்னும் மென்மை, 1.7 இலேயே சிணுங்கத் தொடங்கும். இறுங்கு 6.8 வரை தாங்கும். வாற்கோதுமை 8 வரை நிற்குமாம், அது எங்கள் மண்ணில் இல்லை. எங்கள் கீழ்த்துண்டின் நடுவில் முதல்முறை வந்தது 7. இறுங்கு விதைக்கவேண்டிய இடத்தில் நெல்லுக்கு யூரியா எறிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

உப்பு என்ன செய்கிறது

"மாமி, நீங்கள் எறிஞ்சதிலை கொஞ்சம் காத்தோடை போட்டுது, கொஞ்சம் மண்ணிலை கிடக்குது. பயிருக்குப் போனது கொஞ்சூண்டு" என்றான் மருமகன். ஏன் என்று கேட்டேன். வரம்பில் இருந்து ஒரு மணித்தியாலம் சொன்னான்.

யூரியா மண்ணில் விழுந்ததும் அமோனியமாக மாறும். பிறகு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றும். உப்பு கூடினால் இந்த நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். அமோனியம் தேங்கும். தண்ணீரில் காரத்தன்மை கூடியிருந்தால் அது அமோனியா வாயுவாகப் பறக்கும். வயல் தண்ணீரில் பாசி இருந்தால் பகலில் அது காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்ளும், உச்சி நேரத்தில் காரம் இன்னும் ஏறும். நான் எறிந்தது சரியாக அந்த நேரம். என் மூக்குக்கு வந்தது என் காசு.

மிச்சம் கிடக்கிற நைதரசன் வேருக்குள் போகவும் இடைஞ்சல். நைத்திரேற்றும் உப்பிலுள்ள குளோரைட்டும் மறை ஏற்றம் கொண்டவை, வேரில் நுழைய ஒன்றோடொன்று போட்டி போடும். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இது உடனே விளங்கும். முன்னால் நூறு வாகனம் நின்றால் உங்கள் கையில் காசிருந்தும் பிரயோசனம் இல்லை. அமோனியத்துக்கும் பொற்றாசியத்துக்கும் அதே கரைச்சலைச் சோடியம் கொடுக்கிறது. இதற்கிடையில் உவரில் பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். தண்ணீர் இழுப்பது குறையும், தண்ணீரோடு வேருக்கு வந்துசேரும் நைத்திரேற்றும் குறையும்.

சரி, உள்ளே போனதாவது பயன்படுகிறதா? நைத்திரேற்றை மாற்றும் நொதியம் இலைக்கு நைத்திரேற்று வர வரத்தான் உண்டாகும். வரத்துக் குறைந்தால் நொதியமும் குறையும். அமோனியத்தைக் குளுற்றமினாகவும் பிறகு மற்ற அமினோ அமிலங்களாகவும் கட்டுவதற்கு இலை தயாரிக்கும் மாப்பொருளிலிருந்து காபன் வேண்டும். இலைத்துளை மூடிக் கிடந்தால் அதுவும் தட்டுப்பாடு. கட்டப்படாத அமோனியம் பயிருக்கே நஞ்சு. கட்டியதிலும் ஒரு பங்கைப் புரோலின் என்ற அமினோ அமிலம் செய்யச் செலவழிக்கும், உப்பு மண்ணில் தண்ணீரை விட்டுவிடாமல் பிடித்துவைக்க. கோதுமை, வாற்கோதுமை போன்றவை இதற்குக் கிளைசீன் பீற்றெயின் என்ற இன்னொன்றையும் சேர்த்துவைக்கும். நெல்லால் அது முடியாது. ஆக, கதிருக்குப் போகவேண்டிய நைதரசன் உயிர்பிழைக்கப் போகிறது.

தண்ணீர் நிற்கும் நெல்வயலில் பெரும்பாலும் அமோனியத்தின் கதைதான். நைத்திரேற்றின் கதை மேட்டுநிலச் சோளத்துக்கும் குரக்கனுக்கும்தான் கூடுதலாகப் பொருந்தும். மேட்டில் சோளம் போடுகிறவர்கள் அந்தப் பெற்றோல் வரிசையை நினைவில் வைத்திருங்கள்.

இதெல்லாம் கேட்டபோது பாதிதான் நம்பினேன். முழுக்க நம்பவைத்தது 2021. அந்த வருசம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். கார்த்திகையில் தடையை எடுத்தாலும் எங்கள் கைக்கு யூரியா வரவில்லை. மேல்துண்டில் விளைச்சல் பாதிக்குப் பாதி விழுந்தது. கீழ்த்துண்டில் அவ்வளவு விழவில்லை, மூடைக்கணக்கில் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை வருசமும் கீழே நான் போட்ட யூரியாவில் பெரும்பங்கு பயிருக்குப் போகவேயில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

முதலில் கழுவுங்கள்

உவரைப் போக்கப் பசளைக்கடையில் மருந்தில்லை. ஜிப்சம் போடச் சொல்வார்கள். சோடியம் ஏறி, காரத்தன்மை (pH) 8.5 ஐத் தாண்டி, மண் இறுகிக் கிடக்கும் இடத்துக்கு அது சரி. வெறும் உவருக்கு மழைத் தண்ணீர்தான் மருந்து. ஒரு அடி ஆழ மண்ணின் உப்பில் முக்கால்வாசியைக் கழுவ ஏறக்குறைய ஒரு அடி நல்ல தண்ணீர் மண்ணுக்குள்ளால் இறங்கவேண்டும். மேலால் ஓடிப்போவது கணக்கில்லை.

நான் செய்வது இது. ஆவணியில் வரம்பை உயர்த்தி நண்டுவளைகளை அடைப்பேன். கீழ் ஓரத்தில் வடிச்சல் வாய்க்காலை வயல் மட்டத்திலிருந்து இரண்டடிக்குக் குறையாமல் வெட்டித் துப்புரவாக்குவேன். இதைச் செய்யாமல் தண்ணீர் கட்டினால் உப்பு கீழே போய் நின்று, வெயில் அடித்ததும் திரும்ப ஏறும். முதல் மழைக்கு ஒரு உழவு. சேறடிக்கக்கூடாது. சேறடித்தால் மண்ணின் துளைகள் அடைபட்டுத் தண்ணீர் இறங்காது. எங்கள் பக்கத்தில் உழவு இயந்திரம் வந்தால் ஒரே மூச்சில் சேறும் அடித்துவிட்டுப் போவார்கள், அவர்களை மறிப்பதுதான் பெரிய வேலை. ஐப்பசி மழையைக் கட்டி, மூன்று, நாலு நாள் இறங்கவிட்டு, மிச்சத்தை வடித்து, திரும்பக் கட்டுவேன். மூன்று தடவை. பிறகு அளப்பேன். 4 க்குக் கீழே வந்தால் சேறடித்து விதைப்பு.

வடிக்கிற தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போகாமல் பாருங்கள். எங்கள் ஊரில் இரண்டு குடும்பம் கதையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கழுவும்போது உப்பு மட்டும் போவதில்லை. வெயில்காலத்தில் மண்ணில் சேர்ந்த நைத்திரேற்றும் கூடவே போகும். அதனால் கழுவுவதற்கு முன்னால் அடிக்கட்டுப் பசளையாக யூரியா போடாதீர்கள். நாள் பார்த்து, பூசை செய்து, முதல் உழவோடு யூரியா எறிகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அது நேரே நீரேரிக்குப் போகும்.

விதையும் நாற்றும்

அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.ரீ 354 என்ற நெல் ரகம் உவர் தாங்கும், மூன்றரை மாதப் பயிர். கீழ்த்துண்டுக்கு அதைத்தான் போடுகிறேன். பூநகரிப் பக்கத்து மொட்டைக்கறுப்பன் ருசிக்கு ஈடில்லை, ஆனால் உயரமான பயிர். நைதரசன் கூடினால் படுத்துவிடும், அதற்கு யூரியா கணக்கே வேறு.

நெல் முளைக்கும்போது உவரை ஓரளவு தாங்கும். முளைத்த பிறகு மூன்று, நாலு கிழமை வரை மிகவும் மென்மை. கிளைக்கும் காலத்தில் திரும்பத் தாங்கும், பூக்கும்போது திரும்ப மென்மை. அதனால் மேல்துண்டில் வீச்சு விதைப்பு, கீழே மோசமான திட்டுகளில் நடுகை. மேலே ஒரு மூலையில் நாற்றுமேடை போட்டு, முப்பது நாள் நாற்றை, குத்துக்கு நாலு, ஐந்தாக நடுவோம். கூலி கூடத்தான். அரை ஏக்கருக்கு மேல் எனக்குக் கட்டாது.

இனி யூரியா

என் கணக்கு ஏக்கருக்கு 65 கிலோ, நாலு தவணை. விதைத்து இரண்டாம் கிழமை 10, நாலாம் கிழமை 20, ஐந்தரைக் கிழமையில் 20, ஏழாம் கிழமையில் கதிர் கருக்கட்டும்போது 15. நாற்று நட்ட திட்டுக்கு முதல் தவணை இல்லை. இது என் மண்ணுக்கு, என் ரகத்துக்கு. உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக் கூட்டிக் குறையுங்கள். சின்னச் சின்னதாகப் பிரிப்பதை மட்டும் விடவேண்டாம். காற்றோடு பறக்கிறதும் அமோனியம் தேங்குவதும் அப்போதுதான் குறையும்.

தவணை நாள் வந்ததும் கையில் யூரியா வாளி எடுப்பதில்லை, அளவியைத்தான் எடுக்கிறேன். வயலில் நிற்கும் தண்ணீரை மூன்று இடத்தில் அளப்பேன். இதற்குப் பெருக்கல் தேவையில்லை. 3 க்கு மேல் என்றால் அன்றைக்கு யூரியா இல்லை. வடித்து, நல்ல தண்ணீர் விட்டு, இரண்டு நாள் பொறுத்து, திரும்ப அளந்து, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எறிவேன். அப்போது தண்ணீர் விரலளவுதான் நிற்கவேண்டும், எறிந்த கையோடு மெல்ல ஏற்றலாம். மேல்துண்டில் செய்வதுபோல் வயலை வெடிக்கக் காயவிட்டுப் பிறகு எறிவது இங்கே சரிவராது. தண்ணீர் பாதியாய் வற்றினால் மிச்சத் தண்ணீரில் உப்பு இரண்டு மடங்கு.

வாய்க்காலிலும் தண்ணீர் இல்லை, மழையும் இல்லை என்றால் அந்தத் தவணையை விட்டுவிடுங்கள். சீட்டுக்காசு பிந்தினால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவதுபோல அடுத்த தவணையில் சேர்த்துப் போடாதீர்கள். 2016 இல் நான் செய்தது அதுதான். முன் தவணை ஒன்றை விட்டிருந்தேன், அதையும் சேர்த்துத்தான் மூடையை அவிழ்த்தேன்.

யூரியாவுக்குப் பதில் அமோனியம் சல்பேற்று நல்லது என்று சிலர் சொல்வார்கள். காரமான மண்ணுக்கு அதில் நன்மை உண்டு. ஆனால் அதில் நைதரசன் 21 வீதம்தான். அதே நைதரசனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொட்டவேண்டும், அத்தனையும் உப்புச் சுமை. நான் யூரியாவோடு நிற்கிறேன்.

பொற்றாசியம் உவர் வயலுக்கு வேண்டும், சோடியத்தோடு போட்டி போட அதுதான் ஆள். கடையில் கிடைக்கும் எம்.ஓ.பி. ஆனால் பொற்றாசியம் குளோரைட்டு, குளோரைட்டைக் கழுவிவிட்டுத் திரும்பவும் குளோரைட்டைக் கொட்டுவதா? கொஞ்சம் போடுகிறேன், கழுவி முடித்த பிறகு, இரண்டாகப் பிரித்து. மீதிக்கு வைக்கோல். நெல் எடுக்கும் பொற்றாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. அறுவடை இயந்திரம் கொட்டிவிட்டுப் போவதை நான் கொளுத்துவதில்லை, பரப்பி விடுகிறேன். சோளகத்தில் மண் காயாமல் மூடிக் கிடந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும். வரம்போரம் சீமைக்கிளுவை நட்டிருக்கிறேன். கழுவி முடிந்து சேறடிப்பதற்கு முன் அதன் குழையை வெட்டி மிதித்து, பத்து நாளாவது அழுகவிடுவேன். அந்த நைதரசன் ஒரேயடியாக வராது, மெல்ல மெல்ல வரும். உவர் மண்ணுக்கு அந்த வேகம் பொருந்துகிறது.

பூக்கும் பத்து, பதினைந்து நாளும் வயலில் நல்ல தண்ணீர் நிற்கவேண்டும். கையில் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கிறதென்றால் மற்ற நாட்களில் மிச்சம்பிடித்து இதற்கு வையுங்கள். அப்போது உவர் ஏறினால் பதர்தான், எந்த யூரியாவும் அதை மாற்றாது.

இப்போது கீழ்த்துண்டின் நடுவில் கழுவிய பிறகு 3.5, 4 என்று நிற்கிறது. மழை நல்ல வருசத்தில் அதற்கும் கீழே வரும். நீரேரியோடு ஒட்டிய கடைசிக் கால் ஏக்கர் மட்டும் மூன்று வருசம் கழுவியும் 11 க்குக் கீழே இறங்கவில்லை. அடியில் உவர்த்தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அங்கே உமரி முளைத்திருக்கிறது. இப்போது அதற்கு நான் கழுவுவதுமில்லை, பசளை போடுவதுமில்லை. தமையனின் மாடுகள் ஓரத்துப் புல்லை மேய்ந்துவிட்டுப் போகும்.